டார்ட்ஸ் படிக்கிறவர்களுக்கு: ஒரு விதியை அதன் வழக்குகளோடு படியுங்கள்

சட்டக் கல்லூரியில் டார்ட்ஸ் (ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்குக்கு நஷ்ட ஈடு கேட்கும் சட்டம்) பாடத்தைத் தொட்டதும் பலரும் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒப்பந்தச் சட்டம் என்றால் 1872-ஆம் வருடச் சட்டம் கையில் இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லிப் பதிலை ஆரம்பித்துவிடலாம். டார்ட்ஸுக்கு அப்படி ஒரு சட்டப் புத்தகம் கிடையாது. விதிகள் தீர்ப்புகளுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் வழக்கின் பெயர், வருடம், கூடவே ஒரு லத்தீன் வாசகம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம். பாஸ் மார்க் வந்துவிடும். ஆனால் பிராப்ளம் கொஸ்டினில் சம்பவத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனா நகராது.

எனக்குக் கைகொடுத்த வழி இதுதான்: ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அது பிறந்த வழக்கிலிருந்து இன்று நிற்கும் இடம் வரை வரிசையாகப் படிப்பது. ஒவ்வொரு வழக்கிலும் ஒரே கேள்வியைக் கேட்பது: எந்த உண்மை வேறாக இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்? ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி எனும் கடும் பொறுப்பை, அதாவது கவனக்குறைவு இல்லாவிட்டாலும் வரும் பொறுப்பை, வைத்தே சொல்கிறேன். தீர்ப்புகள் வழியே வளரும் காமன் லா எப்படி நகர்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரிசை டார்ட்ஸ் சிலபஸில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

தொடக்கம் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு மில் முதலாளி தன் ஆலைக்காக நீர்த்தேக்கம் கட்டுகிறார். கட்டியவர்கள் காண்டிராக்டர்கள். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. அவற்றை அவர்கள் சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் நிரம்பியதும் அந்த வழியாக இறங்கிப் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளி மேல் தனிப்பட்ட கவனக்குறைவு எதுவும் இல்லை. இருந்தும் அவர்தான் பொறுப்பு என்று 1868-ல், அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை முடிவு செய்தது. அதற்கு முன்பே கீழ் நீதிமன்றத்தில் நீதிபதி பிளாக்பர்ன் விதியைச் சொல்லிவிட்டார்: தப்பினால் தீங்கு செய்யக்கூடிய பொருளைத் தன் நிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து வைப்பவர், அது தப்பிப் போனால் வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பு. மேல்முறையீட்டில் கெய்ர்ன்ஸ் பிரபு இன்னொன்றைச் சேர்த்தார்: நிலத்தை இயல்பல்லாத வகையில் பயன்படுத்தியிருக்க வேண்டும். விதி உருவான வழக்கிலேயே அது ஒரு படி குறுகிவிட்டதைக் கவனியுங்கள்.

அடுத்து நம் பக்கத்து வழக்கு. பல கைடுகள் இதை ஒரே வரியில் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்தான். மதராஸ் ரயில்வே கம்பெனி எதிர் கார்வேட்டிநகரம் ஜமீன்தார், 1874. ஜமீனில் இருந்த பழைய ஏரிகள் பெருமழையில் உடைந்து, வெள்ளம் ரயில் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. ரயில்வே கம்பெனி ரைலண்ட்ஸ் விதியைக் காட்டி நஷ்ட ஈடு கேட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே: தேக்கிய தண்ணீர், உடைப்பு, பக்கத்தில் சேதம். ஆனால் இந்திய வழக்குகளுக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்த விதியைப் பொருத்த மறுத்துவிட்டது. மில் முதலாளி தன் சொந்த லாபத்துக்காக நீர்த்தேக்கம் கட்டினார். இந்த ஏரிகளோ காலங்காலமாக இருப்பவை. ஊர் மக்களின் பிழைப்பே அவற்றை நம்பித்தான். அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. வேண்டாம் என்று மூடிவிட அவருக்கு உரிமை இல்லை. கவனக்குறைவும் நிரூபணமாகவில்லை. எனவே பொறுப்பு இல்லை.

முன்தீர்ப்பை வேறுபடுத்திப் பார்ப்பது என்றால் என்ன என்று வகுப்பில் எவ்வளவு விளக்கினாலும், இந்த இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது வருகிற தெளிவு வராது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் மண்ணில் நீர்த்தேக்கத்தை ஆபத்தான பொருள் என்று லேசில் சொல்லிவிட முடியாது என்பதை அந்த நீதிபதிகள் பார்த்தார்கள். ஆங்கில விதி இந்தியச் சூழலுக்குப் பொருந்தினால்தான் இங்கே செல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ரீட் எதிர் லயன்ஸை வேகமாகப் படித்தால் போதும். வெடிமருந்துத் தொழிற்சாலைக்குள் நடந்த வெடிப்பில் ஆய்வாளர் ஒருவர் காயமடைந்தார். அபாயம் வளாகத்தை விட்டு வெளியே போகவில்லை, எனவே ரைலண்ட்ஸ் விதி பொருந்தாது என்றது பிரபுக்கள் சபை. இந்த ‘வெளியே போக வேண்டும்’ என்ற நிபந்தனையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு டெல்லிக்கு வாருங்கள்.

1984 டிசம்பரில் போபால். சரியாக ஒரு வருடம் கழித்து, 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் விதி 19-ஆம் நூற்றாண்டின் தேவைக்கு வந்தது, இன்றைய அபாயகரமான தொழில்களுக்கு அது போதாது என்று சொல்லி, முழுப் பொறுப்பு என்ற புது விதியை வகுத்தது. ரைலண்ட்ஸ் விதிக்கு இருந்த தெய்வச் செயல் (எதிர்பாராத இயற்கைச் சீற்றம்), மூன்றாம் நபரின் செயல் போன்ற விதிவிலக்குகள் இதற்குக் கிடையாது. பாதிக்கப்பட்டவர் வளாகத்துக்கு உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா என்பதும் முக்கியமில்லை.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். மார்க் வாங்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். அந்தத் தீர்ப்பில் இழப்பீடு கொடு என்று நீதிமன்றம் நேரடியாக உத்தரவிடவில்லை; பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் தனியாக வழக்குப் போட வழி செய்தது. அப்படியானால் முழுப் பொறுப்பு பற்றிச் சொன்னது ரேஷியோவா (தீர்ப்பின் முடிவுக்கு அடிப்படையான, பின்னால் வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தும் காரணம்), போகிற போக்கில் சொன்ன, கட்டுப்படுத்தாத ஆபிட்டரா? 1991-ல் போபால் விபத்து பற்றிய யூனியன் கார்பைடு வழக்கில் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா அதை ஆபிட்டர் என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பு அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு 1996-ல், ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில் ரசாயன ஆலைகள் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில், நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு மேத்தா விதி வெறும் ஆபிட்டர் அல்ல என்று சொல்லி அதையே பின்பற்றியது. ரேஷியோ, ஆபிட்டர் பற்றிய கேள்விக்கு இந்த மூன்று தீர்ப்புகளையும் வைத்து எழுதினால் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

நோட்ஸ் எடுப்பதும் இப்படித்தான். நான் ஒரு வழக்குக்கு அரைப் பக்கத்துக்கு மேல் எழுதவே மாட்டேன்: நடந்தது என்ன, கேள்வி என்ன, எந்த உண்மை முடிவைத் தீர்மானித்தது, முந்தைய வழக்கிலிருந்து எங்கே விலகியது. நான்காவது வரிதான் முக்கியம், கைடுகளில் கிடைக்காததும் அதுதான். தீர்ப்புகளை இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். முழுவதும் படிக்க நேரம் இல்லையா? சரி, சம்பவப் பகுதியையும், முந்தைய வழக்குகளை நீதிபதி அலசும் பகுதியையும் மட்டுமாவது படியுங்கள்.

பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள்: ரசாயன ஆலைக்குள் தொட்டி வெடித்து, உள்ளே வேலை செய்த காண்டிராக்ட் தொழிலாளி காயமடைகிறார், வெளியாள் செய்த சதி என்கிறது நிறுவனம். ‘ரைலண்ட்ஸ்படி பொறுப்பு’ என்று பாய்ந்துவிடாதீர்கள். வெளியே எதுவும் போகவில்லை, மூன்றாம் நபரின் செயல் என்ற வாதமும் இருக்கிறது. பழைய விதியில் தொழிலாளி இரண்டு இடத்தில் தோற்பார். அதை முதலில் எழுதுங்கள். அப்புறம் மேத்தா விதி அந்த இரண்டு தடைகளையும் எப்படி நீக்குகிறது என்று காட்டுங்கள். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்ற அரசியலமைப்பின் 141-ஆம் உறுப்பையும், பிச்ரி தீர்ப்பையும் சேர்த்தால் பதில் முழுமையாகிவிடும்.

இந்த வரிசை கைவந்ததும் கவனக்குறைவுக்குப் போங்கள். டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன், 1932. ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை இருந்ததால் உடல்நலம் கெட்டது என்று, அதைக் குடித்தவர் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டார். நத்தை இருந்தது என்பது நிரூபிக்கப்படவே இல்லை. இருந்ததாக வைத்துக்கொண்டால் வழக்கு நிற்குமா என்பதே கேள்வி. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் நிற்கும் என்று முடிவானது. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் கவனமாக இருக்கும் கடமை உண்டு என்ற ஆட்கின் பிரபுவின் புகழ்பெற்ற பத்தியோடு நிறுத்தாமல் பக்மாஸ்டர் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள். ஒரு பாட்டிலுக்கு இந்தக் கடமை உண்டென்றால் வீடு கட்டுவதற்கும் ஏன் கூடாது என்று அவர் கேட்டார். 1978-ல் பதிவான ஆன்ஸ் வழக்கு அஸ்திவாரப் பழுதுக்கு உள்ளாட்சி மன்றத்தைப் பொறுப்பாக்கியது; 1991-ல் பதிவான மர்ஃபி வழக்கு அதிலிருந்து பின்வாங்கியது. இந்த மூன்றுக்கும் அரைப் பக்க நோட்ஸை நீங்களே எழுதிப் பாருங்கள்.