லேபிளில் கடைசி வரி

மே 28, 2025, புதன்

ஸ்டேஷனரிக் கடையில் நிற்க இடமில்லை. எல்லார் கையிலும் பள்ளியில் கொடுத்த பட்டியல். கடைப் பையன் பட்டியலின் தலைப்பை மட்டும் பார்க்கிறான், மேலே இருந்து ஒரு கட்டை இறக்கிக் கொடுக்கிறான். பள்ளிவாரியாக முன்பே கட்டி வைத்துவிட்டார்கள். என் முறை வந்தது.

"எந்த ஸ்கூல்க்கா?"

"உதிரியாத்தான் வேணும் தம்பி."

"உதிரின்னா நேரமாகும். ஓரமா நில்லுங்க."

ஓரமாக முக்கால் மணி நேரம் நின்றேன். நாலு கோடு நோட்டு 2, கட்டம் போட்டது 3, கோடு போடாதது 6 (சின்னவன் கேட்டது, எதற்கென்று சொல்லவில்லை), பழுப்பு அட்டை ஒரு சுருள், லேபிள் இரண்டு தாள், ஃபெவிகால். வெளியே வந்த பிறகுதான் பென்சில் வாங்காதது ஞாபகம் வந்தது. திரும்ப உள்ளே போகத் தெம்பில்லை.

மே 29

அட்டை போட்டோம். அத்தை மடித்துக் கொடுத்தார், நான் ஒட்டினேன், அவன் லேபிள் எழுதினான். பெயர், வகுப்பு, பாடம், பள்ளி. "வகுப்பு அஞ்சுன்னு போடலாமாம்மா?" என்றான். போடு என்றேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். 11 நோட்டிலும் அந்த வரி காலி.

மே 31

டி.சி. இன்னும் தரவில்லை. கரஸ்பாண்டென்ட் ஊரில் இல்லையாம்.

ஜூன் 1, ஞாயிறு

பெரியவளுக்குச் சீருடை இஸ்திரி போட்டு மாட்டினேன். பக்கத்து ஆணி சும்மா இருந்தது. என் துப்பட்டாவை எடுத்து அதில் மாட்டினேன். யாருக்காக என்று தெரியவில்லை.

ஜூன் 2

இன்று பள்ளிகள் திறந்துவிட்டன. 7.25க்கு வேன் ஹார்ன். கீழ் வீட்டுப் பிள்ளைக்காக வருவது. முன்பு இரண்டு பேரும் ஒன்றாக ஏறுவார்கள். சின்னவன் போர்வைக்குள் இருந்தான். தூங்கவில்லை, போர்வை அசையவே இல்லை. தூங்குகிற பிள்ளை அப்படிக் கிடக்காது.

வேன் போன பிறகு எழுந்து பல் தேய்த்தான். குளிக்கப் போனான். கதவைச் சாத்தவில்லை, தண்ணீர் வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். அத்தை "வயசு பத்தாகப் போகுது, கதவ அடைக்கத் தெரியாதா" என்று சத்தம் போட்டார். சும்மா இருங்கள் அத்தை என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அத்தை என்னிடம் பேசவில்லை.

ஜூன் 3

7.25. ஹார்ன்.

ஜூன் 5, வியாழன்

அரசுப் பாடநூல்கள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தாம் வகுப்பு முதல் பருவம் முழுவதையும் போனில் இறக்கிவிட்டேன். ஆனால் போனைக் கொடுத்தால் பாடம் இரண்டு பக்கம், வீடியோ இருபது நிமிடம். ஜெராக்ஸ் கடையில் கேட்டேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அறிவியல் படங்கள் எல்லாம் மைக்கறை மாதிரி வருகின்றன, கலரில் எடுக்க நமக்குக் கட்டுபடியாகாது. சரி, பழைய புத்தகமே வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். நான் படிக்கும்போது இதற்கெல்லாம் மதுரை மீனாட்சி கோயில் எதிரே இருக்கிற புது மண்டபத்துக்குத்தான் போவோம். கல்தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் சத்தம், பாத்திரக் கடை, புத்தகக் கடை. இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சுத்தமாக, வெளிச்சமாக இருக்கிறது. எனக்குத்தான் எந்தக் கடை எங்கே என்று புரியவில்லை.

தமிழும் ஆங்கிலமும் ஒரு தொகுதி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் இன்னொரு தொகுதி. இரண்டும் கிடைத்தன. முன்பு வைத்திருந்த யாரோ எல்லாக் கணக்குக்கும் பென்சிலில் விடை எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி தப்பு.

காசு கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவன் வகுப்புப் பையனும் அம்மாவும் வந்தார்கள். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான், அதற்குள் புது மண்டபம் வரை போய்விட்டேன். அந்தப் பையன் "டேய், ஏன்டா வரல?" என்றான். சின்னவன் சார்ட் சுருள்கள் நின்ற டிரம்முக்குப் பின்னால் போய்விட்டான். அந்த அம்மா என்னைப் பார்த்து, "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார். நல்ல மனுஷிதான், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நான் "ஆமா, கொஞ்சம் காய்ச்சல்" என்றேன்.

காய்ச்சல்! ஏன் அப்படிச் சொன்னேன்? பஸ்ஸில் வரும்போது அவன் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தான். "சுடவே இல்லையேம்மா" என்றான்.

யார் கேட்டாலும் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். "வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம்." இதைச் சொல்ல என்ன கஷ்டம்? கண்ணாடி முன்னால் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நாலு தடவையும் ஏதோ கடன் கேட்கிற மாதிரியே இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

காந்தி மியூசியம் மரத்தடியில், எங்களைப் போல வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற மற்றக் குடும்பங்களைப் பார்த்தோம். மொத்தம் நாலு வீடு. அவர்கள் "அன்ஸ்கூலிங்" என்கிறார்கள்: பாடத்திட்டம் கிடையாது, பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் பாடம். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் அத்தை அதற்கு வேறு பெயர் வைப்பார். ஒரு வீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, தோட்டம் இருக்கிறது, மாடு கூட இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு தையல் மெஷினும் மொட்டை மாடியில் கால் பங்கும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் எந்த ஸ்கூல் என்று கேட்கவில்லை. மூன்று மணி நேரம். திரும்பும்போது தோள்பட்டை லேசாக இருந்தது.

சான்றிதழுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், 14 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம் போதும். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது. அவனுக்கு இன்னும் பத்தே ஆகவில்லை. வருடங்களைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

ஜூன் 10

இன்று நல்ல நாள். அறிவியல் என்று சொல்லி அடுப்படியை நாசம் செய்தோம். செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டுச் சாறு எடுத்து மூன்று டம்ளரில் ஊற்றினோம். எலுமிச்சை பிழிந்ததில் ரோஸ் நிறம், ஆப்ப சோடா போட்டதில் பச்சை, மூன்றாவது அப்படியே. அடுத்து மஞ்சள் தண்ணீர். சோப்பு நுரை பட்டதும் சிவந்தது. "மேஜிக்" என்று குதித்தான்.

அத்தை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல என்ன மேஜிக்? ஆரத்தி எப்படிச் சிவக்குதுன்னு நெனச்ச? மஞ்சளும் சுண்ணாம்பும்டா. குங்குமமே அப்படித்தான் பண்றது" என்றார். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து அவரே கலந்து காட்டினார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் என்னை உள்ளே விடவில்லை. கோடு போடாத நோட்டில் டம்ளர்களை வரைந்து கலர் அடித்திருக்கிறான். அப்புறம் கேட்டான்: "அப்பத்தா, அப்போ கண்ணு படறது அமிலமா காரமா?"

அத்தைக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. எனக்கும் சேர்த்துத்தான். பேச ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 11

டி.சி. வந்துவிட்டது! இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரில் போனார். போன பருவக் கட்டணம் பாக்கி, கட்டினால்தான் தருவோம் என்றார்களாம். பாக்கியைச் சொல்லி டி.சி.யை இழுத்தடிக்கக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியை நான் வெட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். இவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையாம். பாதியைக் கட்டிவிட்டு வாங்கி வந்திருக்கிறார். "எதுக்கு வம்பு" என்கிறார். அந்த "எதுக்கு வம்பு" தான் போன வருடம் முழுக்க நாங்கள் சொன்னது.

விலகும் காரணம்: "பெற்றோர் விருப்பம்". அந்த இரண்டு வார்த்தையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12

ஹார்ன் சத்தத்தில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஜூன் 14, சனி

கீழ் வீட்டுத் தாத்தா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மாடிப்படியில் நிறுத்தி, "ஆறிலிருந்து பதினாலு வரை பள்ளிக்கு அனுப்பலேன்னா சட்டப்படி தப்பும்மா" என்றார். இரவு உட்கார்ந்து 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்தேன். பத்தாவது பிரிவு, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அனுப்பாத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று எங்கேயும் இல்லை. கடமை உண்டு, தண்டனை இல்லை. இதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவதா வேண்டாமா?

இன்னொரு பிரிவும் கண்ணில் பட்டது. பதினேழு. எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது. அதை மூன்று முறை படித்தேன். அந்தத் தாத்தா அந்தப் பிரிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மணி இரண்டு. கழிப்பறைக்கு எழுந்து போனான். வாளியை இழுக்கிற சத்தம்.

ஜூன் 17

நத்தம் சாலை நூலகத்துக்குப் போனோம். 2023 ஜூலையில் திறந்தபோது இவர் கூட்டிப்போவதாகச் சொன்னது, இன்றுதான் வாய்த்தது. சிறுவர் பகுதியில் அவனும் இன்னும் மூன்று வாண்டுகளும் மட்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வேறு யார் இருப்பார்கள்? பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், வாசலில் ஒருவர் கேட்டார், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு பாட்டி கேட்டார்: "ஸ்கூல் லீவா தம்பி?" மூன்று பேருக்கும் அவனே பதில் சொன்னான். "இல்ல, நான் வீட்ல படிக்கிறேன்." கண்டக்டர் "கொடுத்து வச்சவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதானா? நான் கண்ணாடி முன்னால் பயிற்சி செய்த வாக்கியம்.

ஜூன் 18

பென்சில் வாங்கிவிட்டேன். ஒரு வழியாக.

ஜூன் 20, வெள்ளி

மதியம் ஒரு டீச்சர் வந்தார். வட்டார வள மையத்திலிருந்து. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. கையில் போன், அதில் பட்டியல், பட்டியலில் என் பிள்ளையின் பெயர். டி.சி. கொடுத்ததும் கணினியில் அவனைப் பள்ளியிலிருந்து எடுத்து "காமன் பூல்" என்ற இடத்தில் போட்டுவிடுவார்களாம். வேறு பள்ளி அவனை எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடப்பான். ஒரு மாதம் நடையாய் நடந்து வாங்கிய அதே காகிதம்தான் இந்த அம்மாவை வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவர் வெயிலில் நடந்து வந்து முகமெல்லாம் சிவந்திருந்தார். மோர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இந்தத் தெருவுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கம்மா, ஒண்ணு ஓட்டல்ல வேல பாக்குது" என்றார். என் தைரியமெல்லாம் கொஞ்சம் வெட்கமாக மாறிவிட்டது. அந்தப் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே பட்டியல்.

சின்னவனைக் கூப்பிட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார். வாசித்தான். 144ஐ 12ஆல் வகுக்கச் சொன்னார். மனதிலேயே சொல்லிவிட்டான். அவனுடைய செம்பருத்தி டம்ளர் படங்களைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கான், எதுக்கு வீட்ல?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நம்ம அரசுப் பள்ளியில் சேருங்கள், அஞ்சு நிமிட நடை, ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும் உண்டு என்றார். "2022ல அந்தத் திட்டத்தையே நம்ம நெல்பேட்டைலதானே ஆரம்பிச்சாங்க" என்று ஏதோ சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி சொன்னார். திங்கட்கிழமை உப்புமா என்றதும் அவன் முகத்தைச் சுளித்தான்.

அப்புறம் அவன் கேட்டான்.

"டீச்சர், உங்க ஸ்கூல்ல கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

அவருக்குப் புரியவில்லை. "எந்தக் கதவு தம்பி? கிளாஸ் ரூமா?"

"பாத்ரூம் கதவு. ஸ்டோர் ரூமும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். வெளியே அவர் எதையும் கேட்கவில்லை, அது மட்டும் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல்: "தெரியல தம்பி. பாத்துட்டு வந்து சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை வருகிறாராம். போனில் எதையும் பதியாமல்தான் போனார்.

ஜூன் 21

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டார்.

ஜூன் 23, திங்கள்

7.25.

சாயங்காலம் தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போகிற சாக்கில் அந்தப் பள்ளிப் பக்கம் போனேன். கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தேன். வேப்பமரம், கொடிக்கம்பம், நீல வண்ணம் அடித்த வரிசையான கதவுகள். கழிப்பறை பின்பக்கம் போலிருக்கிறது, தெரியவில்லை. சுவரை ஒட்டிச் சுற்றி வந்தேன். அங்கே ஒரு ஜன்னல் மட்டும்தான். ஒரு ஆள் சைக்கிளை நிறுத்தி, "யாரைம்மா தேடுற?" என்று கேட்டார்.

நாளை பகலில், பள்ளி நடக்கும்போது போக வேண்டும். டீச்சர் வருவதற்குள்.