அக்காவுக்கு டிரான்ஸ்பர்

எங்கள் கம்பெனிக்கு அவிநாசியில் ஒரு யூனிட், பல்லடத்தில் ஒரு யூனிட். போன மாதம் ஆள் கணக்குப் பார்க்கும்போதுதான் கவனித்தேன். அவிநாசி அக்கா ஒருவர் தினமும் வேலைக்குப் பல்லடத்துக்குப் போகிறார். பல்லடத்து அண்ணன் ஒருவர் அவிநாசிக்கு வருகிறார். இருவரும் ஓவர்லாக் டெய்லர் (துணி ஓரம் தைக்கும் மெஷின்), ஒரே பீஸ் ரேட் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி). நடுவே திருப்பூரில் பஸ் மாறி, ஒரு பக்கத்துக்கே 30 கிலோமீட்டருக்குப் பக்கம்!

மாற்றிவிடட்டுமா என்று கேட்டதும் அக்கா பதறிவிட்டார். "ஏனுங் தம்பி, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

டிரான்ஸ்பர் என்றாலே தண்டனை என்று பழகிவிட்டோம். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஒரு வங்கி, விருப்பப்பட்ட ஊழியர்களை வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கு மாற்றி 1990களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறது.

இப்போது அக்கா நடந்தே வருகிறார். மதியம் வீட்டில் சுடுசோறு. அண்ணனுக்குத்தான் குறை: "பஸ்ல ஒரு தூக்கம் போடுவனுங்க, அது போச்சு."