சில்லறை மேசை

என் வகுப்புப் பிள்ளை ஒருவனின் தாய்க்கு நான் சொன்ன மறுமொழியில் பிழை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிழை இல்லாத மறுமொழி எதற்காக ஒரு வருடமாக மனதைவிட்டுப் போகாமல் நிற்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

பிள்ளைகள் வீட்டிலிருந்து மரக்கறி கொண்டுவந்து பாடசாலை முற்றத்தில் விற்கிற சிறுவர் சந்தைக்கு முந்திய வாரம். யார் என்ன பொருள் கொண்டுவருவது என்று கொப்பிகளில் எழுதி அனுப்பியிருந்தேன். அவனுக்குக் கீரை. பாடசாலை விட்டு மற்றப் பெற்றோர் போய் முடியும்வரை மதிலோரம் பொறுத்து நின்றுவிட்டு, பிறகுதான் தாய் வகுப்பறை வாசலுக்கு வந்தார்.

"கீரை எவ்வளவெண்டாலும் நான் தாறன் ரீச்சர். மகனைக் கடையில இருத்தாதேங்கோ."

ஏன் என்று கேட்டேன்.

"மற்றப் பிள்ளையள் ஒருநாளைக்கு வேசம் போடுகினம். இவன் இருந்தா அது வேசமில்லை எண்டு பாக்கிற எல்லாருக்கும் தெரியும்."

அவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கிறவர். எனக்கு அது முதலே தெரியும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கும் தெரியும். "எந்தத் தொழிலும் குறைவில்லைத்தானே அம்மா" என்றேன். "குறைவெண்டு நான் சொல்லேல்லயே ரீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி அம்மா, நான் வேற வேலை குடுக்கிறன்" என்று முடித்துக்கொண்டேன்.

ஒக்டோபர் மாதம் ஆரம்பப் பிரிவுகளில் எப்படி ஓடும் என்று தெரியும்தானே. முதலாம் திகதி சிறுவர் தினம், 6 ஆம் திகதி ஆசிரியர் தினம், அதை அண்டி நவராத்திரியும் வாணி விழாவும், வகுப்புக்கு ஒரு நாள் பூசை, அவல், கடலை, விஜயதசமிக்கு ஏடு தொடக்கல். அதற்குள் மாரி வந்து முற்றத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கிவிடும். நுளம்பு பெருகமுன் சிரமதானம் செய்யவேண்டும். நவம்பர் வந்தால் மரநடுகை. இவ்வளவுக்கும் நடுவில்தான் எங்கள் சந்தையும்.

சிறுவர் சந்தையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஒரு கிலோவுக்கு 1,000 கிராம் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும், ஒரு பிள்ளை தன் கையால் 250 கிராம் பயிற்றங்காய் நிறுத்துப் பார்க்கும்போது விளங்குகிற மாதிரி விளங்காது. கணிதம், தாய்மொழி, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் மூன்றையும் ஒரே முற்றத்தில் படிப்பிக்கிற நாள் வேறு இல்லை. வாய் திறக்காத பிள்ளைகள்கூட அன்றைக்கு "வாங்கோ, வாங்கோ, புதுக் கத்தரிக்காய்" என்று கூப்பிடுவார்கள். பெற்றோரும் அப்படித்தான். காலையில் தாங்கள் கொடுத்தனுப்பிய முருங்கைக்காயைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். பக்கத்து வீட்டோடு கதை பேச்சு இல்லாதவர்கள் அந்த வீட்டுப் பிள்ளையிடம் தேசிக்காய் வாங்கியதையும் கண்டிருக்கிறேன்.

ஆனால் ஆயத்தம் செய்த நாட்களை நினைத்தால் எனக்கு அவனுடைய குரல்தான் முதலில் கேட்கிறது. நிறுவைப் பயிற்சி நடக்கும்போது எழுந்து, "கழிவு எடுக்கிறேல்லையோ ரீச்சர்?" என்றான். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோட்டக்காரர் பத்துக் கிலோ கொண்டுவந்தால் ஒரு கிலோவைக் கழிவென்று கழித்து ஒன்பது கிலோவுக்குக் காசு கொடுப்பது எங்கள் சந்தைகளில் நெடுங்காலமாக இருக்கிற வழக்கம். விவசாயிகள் அதை எதிர்த்துக் கேட்காத காலமில்லை. எட்டு வயதுப் பிள்ளை அதை வகுப்பில் கேட்டபோது, "இஞ்சை கழிவு இல்லை அப்பன்" என்று மட்டும் சொன்னேன். "அப்ப நல்லம் ரீச்சர்" என்று இருந்துவிட்டான். பச்சை மிளகாய்க்கு நாங்கள் எழுதிய விலையைப் பார்த்து, மழை விழுந்தால் இந்த விலைக்குக் கட்டாது என்றவனும் அவன்தான். வாணி விழாவுக்கு மற்றவர்கள் புத்தகம் வைத்த கதை சொன்னார்கள். தங்கள் வீட்டில் அம்மாவின் தராசைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்ததாக அவன் சொன்னான். அதைச் சொல்லும்போது அவனிடம் எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த ஒருவனைத்தான் நான் விற்கவிடாமல் வைத்தேன்.

தாயின் சொல்லை மீறியிருக்க வேண்டுமா? முடியாது. பிள்ளையைப் பற்றி ஒரு தாய் வாசலில் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்கிறார். அதைத் தட்டிவிட்டு, தொழிலின் மேன்மை பற்றி அவருக்குப் பாடம் எடுக்க நான் யார்? விடியமுன் எழும்பிப் போய், மழையோ வெயிலோ, நாள் வரியைக் கட்டிவிட்டு இருக்கிறவர் அவர். சந்தை என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆகவே கேட்டதைச் செய்தேன். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

மறுபேச்சு இருப்பது நான் கொடுத்த மாற்று வேலையில். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, தாள் காசைச் சில்லறையாக மாற்றிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் விட்டேன். மற்றவர்கள் வேட்டியும் சேலையுமாகச் சாக்கு விரித்து இருக்க, அவன் மட்டும் வெள்ளைச் சேட்டோடு கதிரையில். கணக்கில் அவன்தான் முதல் என்பதால் அந்த இடம் பொருத்தம்தான் என்று சக ஆசிரியர்களுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் செய்தது, சாக்கிலிருந்து அவனைத் தூக்கி மேசையில் வைத்தது. எந்தத் தொழிலும் குறைவில்லை என்று தாயிடம் சொன்ன அதே நான், மேசைதான் மேல் என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டேனோ என்று நினைக்கிறேன். இல்லை, தாய் விரும்பியதும் அந்த மேசையைத்தானே என்றும் நினைக்கிறேன். பிள்ளை படித்து மேசைக்குப் போகவேண்டும் என்றுதானே அவர் அந்தப் பாடுபடுகிறார். அதிலே நான் குறுக்கே நின்று என்ன கொள்கை பேசுவது?

சந்தை நாளன்று, முந்திய நாள் மழையில் முற்றம் ஈரமாக இருந்தது. தறப்பாள் விரித்து அதன்மேல் சாக்குப் போட்டிருந்தோம். விருந்தினர் நாடா வெட்டிக் கொஞ்ச நேரத்தில் வல்லாரை விற்ற பிள்ளையின் தராசு சிக்கிக்கொண்டது. ஒரு தட்டின் கயிறு முறுகி அந்தத் தட்டு சரிந்தே நின்றது. அவன் மேசையை விட்டு ஓடினான். கயிற்றைப் பிரித்து, படிக்கல்லை எடுத்து வைத்து, வெறுந்தட்டைத் தூக்கிச் சமன் பார்த்து, பிறகு பக்கத்துச் சாக்கில் பயிற்றங்காய் கேட்டவருக்கும் நிறுத்துக் கொடுத்தான். நிறுத்த பிறகு மேலே இரண்டு காயை எடுத்து வைத்தான். அதை நாங்கள் படிப்பிக்கவில்லை. அந்த முகத்தை வகுப்பில் ஒருநாளும் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தாய் படலையால் உள்ளே வந்தார். நான் "அப்பன், மேசைக்கு வா" என்று கூப்பிட்டேன். வந்து இருந்தான். தாய் கண்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வேறொரு பிள்ளையிடம் ஒரு பிடி முளைக்கீரை வாங்கினார். சந்தை விலையைவிடக் கூட எழுதியிருந்தோம். பேரம் பேசவில்லை, கேட்ட காசைக் கொடுத்தார். மகனின் மேசையில் 500 ரூபாத் தாளை நீட்டி மாற்றினார். அவன் எண்ணிக் கொடுத்ததை அவர் திருப்பி எண்ணவில்லை.

அடுத்த நாள் காலை அவன் என்னிடம் வந்தான். "ஏன் ரீச்சர் என்னை விக்க விடேல்ல?"

தாய் கேட்டதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னால் அவன் அம்மாவின் தராசை அடுத்த வாணி விழாவுக்கு எப்படிப் பார்ப்பான்? "நீ கணக்கில கெட்டிக்காரன். அதுதான் காசைத் தந்தனான்" என்றேன். அதுவும் பொய்யில்லை.

"கணக்குத் தெரிஞ்சவைதானே ரீச்சர் விக்கவேணும்" என்றான்.

அவனுக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மணி அடித்தது, பிரார்த்தனைக்குப் போனோம்.

இப்போது மறுபடி சந்தைக்குத் திகதி குறித்தாயிற்று. ஆயத்தக் கூட்டத்தில், இந்த முறை நாடா வெட்ட ஓர் அதிகாரியைக் கூப்பிடாமல், சந்தையில் விற்கிற ஒருவரைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். தராசு பிடிக்கிற விதத்தையும் அவரே பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்றேன். யாரை மனதில் வைத்துக் கேட்டேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வகுப்பு ரீச்சர் மட்டும், "அந்த ஆளின்ர பிள்ளை எங்கட பள்ளிக்கூடத்திலயே படிச்சா, எல்லாருக்கும் முன்னால கொண்டுவந்து நிப்பாட்டின மாதிரியெல்லோ போகும்?" என்றார். அப்படிப் பார்த்தால் அவர் சொல்வதும் சரி. அப்படிப் பார்க்காமல் இருக்க வழி என்ன என்று நான் கேட்டதற்கு அவரிடமும் மறுமொழி இல்லை. அதிபர், அதைப் பிறகு பார்ப்பம் என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

அவன் இப்போது நாலாம் தரம், வேறு வகுப்பாசிரியர். பொருள் பட்டியல் இன்னும் கொப்பிகளில் போகவில்லை. போகமுன் தாயை ஒருக்கால் சந்திக்கவேண்டும் என்று இருக்கிறேன். அவனை விற்க விடுவோமா என்று கேட்கவா, அன்று அவன் தராசு பிடித்த விதத்தைச் சொல்லவா என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை. இரண்டாவதைச் சொன்னால் அவர் சந்தோசப்படுவாரா, பயப்படுவாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.