மதில் மட்டும் பாக்கி

சனி, ஞாயிறு இரண்டு நாளும் காஞ்சிபுரம் என்று முடிவானதும், வழியில் திருநின்றவூர் இருதயாலீஸ்வரரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். பிள்ளைகளுக்கு, அந்த ஊர் நாயனாரான பூசலார் கதையை அங்கே வைத்துச் சொல்ல ஆசை.

கையில் காசில்லாத பூசலார், மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பினார். கிணறு, குளம், மதில் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளை, காஞ்சியில் கற்றளி, அதாவது கற்கோயில், கட்டிய பல்லவ மன்னரும் குறித்திருந்தார். இறைவன் கனவில் வந்து, "நாளை நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் பார்" என்றாராம். மன்னர் தேடி வந்தால், ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை!

"கல்லு எங்கேர்ந்துப்பா வந்துச்சு?" என்றாள் ஆறு வயது மகள்.

"நினைச்சு நினைச்சே சேர்த்தார்மா."

மாலையில் காஞ்சி கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. அந்தக் கனவு கண்ட மன்னர் இவர்தான் என்று பலரும் சொல்வார்கள். ராஜராஜ சோழனே 'பெரிய திருக்கற்றளி' என்று போற்றிய கோயில். 1,300 ஆண்டு வெயிலும் மழையும் கண்ட மணற்கல் பல இடங்களில் கரைந்திருக்கிறது. ஆனாலும் யாளிகள் இன்னும் சீறுகின்றன. திருச்சுற்று நெடுகச் சின்னச் சின்னச் சன்னிதிகள், மொத்தம் 58. சிலவற்றில் பழைய ஓவியத்தின் செம்மண் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

கருவறையைச் சுற்ற ஒரு குறுகிய வழி உண்டு. தவழ்ந்துதான் நுழைய வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. இரண்டு வயது மகன் தயங்காமல் முதலில் போய்விட்டான். அவன் பின்னால் முட்டி தேய நான் ஊர்ந்தேன். இருட்டில் அவன் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது என் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் வரதராஜர் தரிசனம். சுக்கும் மிளகும் மணக்கும் கோயில் இட்லியை மகள் இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தூக்கமோ என்று தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"பேசாதப்பா. நந்தி வெச்சாச்சு, கிணறும் வெட்டியாச்சு. மதில் மட்டும் பாக்கி."