மாணவர் உரிமத்தில் வரைந்த படகும் மறுபடி வரைந்த 11 குறுக்குச் சட்டங்களும்

மதுரையில், கணினி வரைபடத்தின்படி பலகை வெட்டும் சி.என்.சி. இயந்திரப் பட்டறையில் என் பென்டிரைவைச் செருகிப் படகு வரைபடக் கோப்பைத் திறந்தபோது, வரைபடம் தோன்றுவதற்கு முன்பே திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. கோப்பு கல்விப் பதிப்பில் உருவாக்கப்பட்டது என்று அதில் இருந்தது. மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இதை எங்க டிராயிங்கோட சேர்க்க முடியாதும்மா, அந்த முத்திரை மத்த வேலையிலயும் ஏறிரும். கமர்ஷியல் பைல் கொண்டாங்க, அன்னைக்கே வெட்டித் தர்றேன்" என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அவர் பட்டறைக்கு வேறு வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். என் கோப்பால் அவர்கள் வரைபடத்தின் அடியில் மாணவர் முத்திரை அச்சாகிவிட்டால் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் மண்டபத்தைச் சேர்ந்தவள். ராமநாதபுரத்தில் மெக்கானிக்கல் பட்டயப் படிப்புப் படித்த மூன்று ஆண்டுகளும், விடுமுறை நாட்களில் கரையில் கிடக்கும் பழைய வத்தைகளை (சிறு நாட்டுப் படகுகளை) அளந்து கணினியில் வரைவது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது. படகின் அடிமரமான ஏரா மரத்தின் மேல் நூல் கட்டி, முன்முனையான அணியத்திலிருந்து இரண்டிரண்டு அடிக்கு ஒரு குறி வைத்து, ஒவ்வொரு குறியிலும் நடுக்கோட்டிலிருந்து பக்கப்பலகை வரை உள்ள தூரத்தைத் தூக்குக்குண்டு விட்டு அளந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த அளவுகளைக் கொண்டு, கல்லூரி மின்னஞ்சலைக் காட்டிப் பெற்ற இலவசக் கல்வி உரிமத்தில் வத்தையை முப்பரிமாணமாக வரைந்து, இருபதில் ஒரு பங்கு அளவில் மெல்லிய பலகையில் மாதிரி செய்வேன். இது படிப்பு, கல்வி உரிமம் இதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது.

படிப்பு முடிந்த மறு ஆண்டு, பாம்பனில் ஃபைபர் படகு கட்டும் மாமா ஒருவர், 28 அடிப் படகு ஒன்றுக்குப் புதிய மோல்டு (ஃபைபர் உடலை வார்க்கும் அச்சு) எடுக்க வேண்டும், அதற்கு முதலில் கட்டும் மர உடலின் குறுக்குச் சட்டங்களை இயந்திரத்தில் வெட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் மயிரிழை பிசகாமல் வரும் என்று சொல்லி, வரைந்து தர 22,000 ரூபாய் பேசினார். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். கரையில் படகு வேலையெல்லாம் அந்த நாட்களில்தான் குவியும். ஆசாரிகள் கிடைப்பதே அரிது. ஆகவே மே மாத முடிவுக்குள் சட்டங்கள் வந்து சேர வேண்டும் என்றார். என் கணினியில் மென்பொருள் இருந்தது, கணக்கில் காலாவதியாக இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. வரைந்துவிட்டேன்.

என் தவறு முழுவதும் அந்த "ஐந்து மாதங்கள்" என்ற எண்ணத்தில்தான் இருந்தது. கல்வி உரிமங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கு வழங்கப்பட்டு, மாணவர் என்பதை மறுபடி உறுதி செய்தால் புதுப்பிக்கப்படுகின்றன. அந்த ஓராண்டு, மென்பொருள் எத்தனை நாள் ஓடும் என்பதை மட்டுமே சொல்கிறது. என்ன வேலைக்கு ஓடலாம் என்பது வேறு பத்தியில் எழுதப்பட்டிருக்கிறது. கற்றல், கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றைத் தாண்டி வருவாய்க்கான வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தப் பத்தி. நான் மாணவியாக இருந்தபோதே மாமாவின் வேலையை எடுத்திருந்தாலும் அது உரிமத்துக்கு வெளியேதான் இருந்திருக்கும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது.

மறுநாள் காலை விற்பனை முகவர் ஒருவருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதினேன். வணிகச் சந்தா வாங்கிவிட்டால் இந்தக் கோப்பின் முத்திரை போய்விடுமா என்பதே என் கேள்வி. சந்தா வாங்குவது இனி வரையும் கோப்புகளுக்கு உரிமை தரும், ஏற்கெனவே வரைந்ததன் பிறப்பை மாற்றாது என்று அவர் பதில் எழுதினார். விலைப்புள்ளியையும் இணைத்திருந்தார், ஓராண்டுச் சந்தா நான் பேசிய கூலியைப் போலப் பல மடங்கு. படகுப் பட்டறையில் ஒருவர், கிராக் செய்த பிரதி தருகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி பிரிவு இதற்கென்றே இருக்கிறது: திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும். ஆதாயத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடலாம் என்று நீதிமன்றத்துக்கு அதே பிரிவு இடம் தருகிறது. பொழுதுபோக்கும் தொழிலும் சட்டத்தின் கண்ணிலேயே வேறு வேறு என்பதை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

பிறகு மூன்று இரவுகள் உரிம ஒப்பந்தங்களைப் படித்தேன். எல்லா நிறுவனமும் ஒரே இடத்தில் கோடு போடுவதில்லை. ஃபியூஷன் மென்பொருளின் தனிநபர் உரிமம் இலவசம்; ஆனால் வீட்டில் செய்யும் வணிகமல்லாத வேலைக்கு மட்டும், ஆண்டு வருவாய் 1,000 டாலருக்குள் இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் பத்து ஆவணங்களைத்தான் திருத்தும் நிலையில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வரைகலை மென்பொருளான சாலிட்வொர்க்ஸின் நிறுவனம் 'மேக்கர்ஸ்' என்று பொழுதுபோக்காளர்களுக்குத் தனிச் சந்தா வைத்திருக்கிறது. அதன் பணவரம்பு 2,000 டாலர், ஆனால் அதில் செய்த கோப்பு வணிகப் பதிப்பில் திறக்காது. என் வத்தை மாதிரிகளில் சிலவற்றை ராமேஸ்வரத்துக் கடை ஒன்று வாங்கிக்கொள்கிறது. அந்தச் சிறு வரவை இத்தகைய வரம்புக்குள் வைக்க இடம் இருப்பதாகப் படித்தேன். ஆனால் ஒரு பட்டறைக்குக் கூலிக்கு வரைவதை, தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பொழுதுபோக்கு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. வரம்புத் தொகையை மட்டும் பார்த்து "நான் அவ்வளவு சம்பாதிக்கவில்லையே" என்று நினைப்பவர்கள், அதே வாக்கியத்தில் இருக்கும் 'வணிகமல்லாத' என்ற சொல்லையும் படிக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது ரைனோ என்ற மென்பொருளின் விதிதான். அதன் கல்வி உரிமம் முழுப் பதிப்பு; காலாவதி ஆவதில்லை; படிப்பு முடிந்த பின்னும், வணிக வேலைக்கும்கூட, பயன்படுத்த அந்த நிறுவனம் அனுமதிக்கிறது. வாங்கும் நாளில் மாணவராக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. படகின் வளைவுகளை வரைய அது பெயர் பெற்ற மென்பொருள். கல்லூரியில் இருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால், இலவசமாகக் கிடைத்ததை விட்டுவிட்டு, மாதிரி விற்ற காசில் அதை வாங்கியிருப்பேன்.

கடைசியில் இரண்டு வழிகளைச் சேர்த்துக்கொண்டேன். 11 குறுக்குச் சட்டங்களையும் ஃப்ரீகேட் மென்பொருளில் முதலிலிருந்து வரைவது ஒன்று. அது எல்.ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தில் வருகிறது, மாணவர், பொழுதுபோக்காளர், தொழில்முறையாளர் என்ற பிரிவே அதில் கிடையாது, 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்திருந்தது. வெட்டும் பட்டறைக்குத் தேவையான டி.எக்ஸ்.எஃப். கோப்பை அதிலிருந்தே எடுக்கலாம். மற்றொன்று, மாமாவுக்குக் கொடுக்க வேண்டிய முழு வரைபடத்துக்காக, ஒரே ஒரு மாதத்துக்கு வணிகச் சந்தா எடுப்பது. ஓராண்டுச் சந்தாவைக் கண்டு மலைப்பவர்கள் மாதச் சந்தா உண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு வந்த முதல் விலைப்புள்ளியில் அது இல்லை, கேட்ட பிறகே கிடைத்தது.

மறுபடி வரையும்போது பழைய கோப்பை நான் திறக்கவே இல்லை. அதிலிருந்து நகலெடுத்தால் அதே வேலையை வேறு பெயரில் செய்வதாகிவிடும் என்று தோன்றியது. கையில் இருந்தது, மாமாவின் பழைய படகை அளந்து எழுதிய நோட்டு மட்டும். கடல் தண்ணீர் பட்டு ஓரம் உப்பிய அந்தப் பக்கங்களில் குறி ஒன்றுக்கு ஆறு உயரங்களும், உயரம் ஒவ்வொன்றுக்கும் அரை அகலமும் இருந்தன. அளவு என்னுடையது, அதற்கு யாரும் உரிமம் தரவில்லை. ஏழாவது சட்டத்துக்கு வரும்போது பக்கக்கோடு ஒரு விரற்கடை உள்ளே வாங்கியது. நோட்டைப் பார்த்தால் 742 மி.மீ. என்று இருந்தது. பாம்பனுக்குப் போய் மறுபடி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் 762. "மொதல்ல வரைஞ்சதுலயும் இது இருந்துச்சா தாயி?" என்று மூத்த ஆசாரி கேட்டார். இருந்திருக்கிறது, முதல் முறை மென்பொருள் வளைவை மென்மையாக்கிக் காட்டியதை நம்பி நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அப்படியே வெட்டியிருந்தால் மோல்டில் எழும் ஒவ்வொரு படகின் பக்கத்திலும் அந்தக் குழிவு இருந்திருக்கும்.

சந்தா வாங்கும் வேலை எளிதாகவே முடிந்தது. விலையின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பதிவு செய்தவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் குறைவான என்னைப் போன்றவர்களுக்குப் பதிவே கட்டாயமில்லை, ஆகவே அது செலவுதான். கூடவே சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் செய்துகொண்டேன். ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசுத் தளத்தில் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களில் போய் விழாமல் இருந்தால் சரி.

அந்தச் சூட்டிலேயே கணினியில் இருந்த மற்றவற்றையும் பார்த்தேன். கூலிக்கான பில்லை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆபீஸ், வீட்டுக்கும் மாணவருக்குமான பதிப்பு; அதுவும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கே. பில்லைத் திறந்த உரிமத்தில் வரும் லிப்ரே ஆபீசுக்கு மாற்றினேன். மிதப்புக் கணக்குக்குக் கல்லூரியில் பயன்படுத்திய மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்கு வீட்டு உரிமம் உண்டு என்றாலும் அது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். நான் எழுதிவைத்திருந்த சிறு நிரல்கள், அதற்கு மாற்றான திறந்த மென்பொருள் ஆக்டேவில் இரண்டே திருத்தங்களோடு ஓடின. மாதிரிப் பெட்டியின் மேல் நான் போட்டிருந்த தமிழ் எழுத்துரு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று அதன் கோப்பிலேயே எழுதியிருந்தது. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு என்பது பெட்டியை அச்சடித்த கடைக்காரருக்கும் தெரியவில்லை. இப்போது திறந்த உரிமத்தில் வரும் 'கேட்டமரன்' எழுத்துருவைப் பயன்படுத்துகிறேன். கட்டுமரம் என்ற நம் சொல்லிலிருந்து போன பெயர், வத்தைப் பெட்டிக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

மே 26 அன்று வெட்டிய சட்டங்கள் பாம்பனுக்கு வந்தன. கல்விக் கணக்கை மூடுவதற்கு முன், அதில் வரைந்த வத்தைகளைத் தனி அடைவில் வைத்து, 'படிப்புக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல' என்று பெயரிட்டேன். விற்கும் மாதிரிகளுக்கு உரிய வத்தைகளை இப்போது ஒவ்வொன்றாக நோட்டிலிருந்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். ஒன்பதில் நான்கு முடிந்திருக்கின்றன.