மூன்றாம் மட்டமெண்டா மூன்றாம் இடமோ?

என்னுடைய முதல் நிகழ்ச்சியை முழுதாகக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மா. மற்றவர் அச்சுவேலி மாமா. அவரும் மோட்டர் ஒன்றுக்கு அடித்த வார்னிஷ் காயும்வரை வேறு வேலை இல்லாமல் இருந்ததால்தான் கேட்டார்.

சமூக வானொலிப் பயிற்சி என்று நீர்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேர் பத்து நாள் டவுனுக்குப் போய் வந்தோம். 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் கதையை அங்கே சொன்னார்கள். நிகழ்ச்சி செய்கிறவர்கள் குடியேற்றக் கிராமங்களில் நாட்கணக்கில் தங்கி, அந்தச் சனத்தையே பேசவைத்து ஒலிப்பதிவு செய்தார்களாம். 1989இல் கொத்மலை சமூக வானொலி வந்தது. இணையம் என்றால் என்னவென்று ஊருக்குத் தெரியாத காலத்தில், நேயர் கேட்கிற கேள்விக்கு அங்கே இணையத்தில் தேடிப் பதிலை வானொலியில் சொல்லியிருக்கிறார்கள். கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. ஆனால் அவையெல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழே இயங்கியவை. ஊர்ச்சங்கம் ஒன்று கேட்டவுடன் அலைவரிசை கிடைத்துவிடாது. எங்களிடம் இருந்தது ஒரு போன், சனசமூக நிலையத்து ஒலிபெருக்கி, ஒரு வாட்ஸ்அப் குழு. ஞாயிறு பின்னேரம் பதினைந்து நிமிடம்.

எனக்கு வந்த தலைப்பு தொழிற்பயிற்சி. கந்தோர் ஒன்றில் துண்டுப்பிரசுரம் வாங்கி வந்து, அதில் இருந்ததை அப்படியே குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். "தேசிய தொழிற் தகைமை மூன்றாம் மட்டம், நான்காம் மட்டம்" என்று வாசித்தது எனக்கே நல்ல கம்பீரமாகத்தான் கேட்டது. அடுத்த நாள் கடைக்குப் போன வழியில் முன்வீட்டு ஆச்சி மறித்தார். "பிள்ளை, மூன்றாம் மட்டமெண்டா மூன்றாம் இடம் வந்த பிள்ளையளுக்கோ?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. ஒன்று தொடங்கி ஏழு வரை படிகள், ஏற ஏறத் தகைமை கூடும், நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம் என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. தனியே நின்று ஒரு வேலையை முடிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு நாலாம் மட்டம் என்ற ஒரு வசனமாவது சொல்லியிருக்கலாம்.

மாமாவின் கேள்வி வேறு. "முப்பது வருசமா மோட்டர் கட்டுறன். இனி நானும் கொப்பியோட ஆறு மாசம் வாங்கில இருக்கோணுமோ?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஓரிடத்தில் தண்ணீர்ப் பம்பிகளைப் பராமரிக்க ஆள் தேடினார்கள். அங்கே முன்பு பழுதான மோட்டர்களைத் திருத்திக் கொடுத்தவரே மாமாதான். ஆனால் விண்ணப்பத்தில் சான்றிதழ் இலக்கம் கேட்ட கட்டத்துக்கு எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. சாதாரண தரம்கூட எழுதாதவர். 1990இல் கரண்ட் நின்றுபோன யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி ஊரே பி.பி.சி. தமிழோசை கேட்ட காலத்தில், பழுதான டைனமோக்களுக்குக் கம்பி சுற்றிப் பழகிய கை அது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் எல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, உடுப்புப் பையில் செப்புக் கம்பிச் சுருளும் வைத்துக்கொண்டு போனவர் என்று அம்மம்மா இன்றைக்கும் ஏசுவார்.

துண்டுப்பிரசுரத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். கடைசி வரியில் "முன்கற்றலை அங்கீகரித்தல்" என்று இருந்தது. வாய் அதை வாசித்திருக்கிறது, மூளை வாசிக்கவில்லை. வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய வேலையைச் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கிற வழி அது. மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலைக்கும் உண்டு.

விண்ணப்பம் இலகு. அதோடு வைக்கிற கடுதாசிகள்தான் எங்களை அலைக்கழித்தன. இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பிறகு எடுத்த பிரதியில் மாமாவின் பெயர் ஒருமாதிரி, அடையாள அட்டையில் இன்னொருமாதிரி. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், அதற்கு ஒரு சத்தியக்கடதாசி. விதானையாரிடம் இரண்டு தடவை. பிறகு அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். மாமா வாழ்க்கையில் பில் எழுதியதில்லை. யாருடைய மோட்டர், எத்தனை குதிரைவலு, என்ன கம்பி, எவ்வளவு பாக்கி, எல்லாம் பட்டறைச் சுவரில் சோக்கட்டியால். அந்தச் சுவரை ஐந்து துண்டாகப் போட்டோ எடுத்தேன். வெங்காயத் தோட்டக்காரர் மூன்று பேர் கடிதம் தந்தார்கள். அதில் ஒருவர், மாமாவுக்கு இன்னும் ஆயிரத்து இருநூறு ரூபா கொடுக்கவேண்டும் என்பதையும் நேர்மையாக எழுதிவிட்டார்! அதையும் கோவையில் வைத்தோம்.

செய்முறை நாள் நானும் போனேன், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. பதிவு செய்ய முதலே அனுமதி கேட்டுவிட்டேன். எரிந்துபோன ஒரு பம்பி மோட்டரைக் கொடுத்தார்கள். மாமா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஸ்டார்ட்டிங் வைண்டிங் போயிட்டுது" என்றார். பழைய சுருளை வெட்ட முன்னம் இணைப்புகளைக் கீறி வைத்தார், சுற்றுகளை எண்ணினார். கம்பியின் தடிப்பு அளக்க மைக்றோமீற்றர் மேசையில் இருந்தது. அவர் ஒரு பென்சில் கேட்டார். கம்பியை அதில் பத்துச் சுற்று நெருக்கிச் சுற்றி, அடிமட்டம் வைத்துப் பார்த்து, பத்தால் பிரித்தார். மதிப்பீட்டாளர் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருப்பார். மைக்றோமீற்றரால் தானும் அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஏதோ குறித்துக்கொண்டார்.

பிழைத்தது கடைசியில். சுற்றி முடித்த மோட்டரைச் சோதிக்கச் சொல்ல, மாமா வழக்கம்போல சீரிஸ் பல்ப்பைக் கொழுவினார். ஒரு வயர் சுருளில், மற்றது மோட்டரின் உடம்பில். பல்ப் எரியவில்லை. "சரி" என்றார்.

"ஐயா, பல்ப் எரியாட்டி நேர ஷோர்ட் இல்லை எண்டதுதான் தெரியும். ஈரம் ஏறி மெல்லமா ஒழுகினா பல்ப் சொல்லாது. மெகர் பிடிக்கோணும். 500 வோல்ட்டில ஒரு மெகாஓமுக்குக் குறைஞ்சா அந்த மோட்டரைக் குடுக்கக் கூடாது" என்றார் மதிப்பீட்டாளர்.

மெகர் என்றால் கரண்ட் ஒழுகுகிறதா என்று அளந்து பார்க்கிற கருவி. மாமாவுக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. அந்த ஒரு அலகில் "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று போட்டு, திரும்ப வரச் சொன்னார்கள்.

வருகிற வழி முழுக்க மாமா பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். கோப்பாய்ச் சந்தி தாண்டினபிறகு, "தண்ணி மாறுற பொம்பிளையள் ஈரக் காலோடதானே சுவிச்சைப் போடுகினம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமை வயரிங் செய்கிற ஒரு தம்பியிடம் மெகரை இரவல் வாங்கி, பட்டறையில் கிடந்த மோட்டர் எல்லாவற்றுக்கும் பிடித்துப் பார்த்தார். இரண்டைத் திரும்ப அவிழ்த்தார், காசு வாங்காமல். ஒரு மாதம் கழித்துப் போய் அந்த அலகையும் முடித்தார். விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து சான்றிதழ் கையில் கிடைக்க ஏழு மாதம். நாலாம் மட்டம்.

இரண்டாவது நிகழ்ச்சியில் நான் பேசியது குறைவு. பேரிங் போன மோட்டர் ஒன்றின் கரகரப்போடு தொடங்கினேன். அதற்கு மேலே மாமாவின் குரல், "உந்தச் சத்தம் கேட்டா உடன நிப்பாட்டிப்போடுங்கோ." தோட்டத்தில் நின்றவர்கள் தங்கள் மோட்டர் என்று திரும்பிப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு சுவர்க் கணக்கு, சத்தியக்கடதாசி, மெகர் கதை, எல்லாவற்றையும் மாமாவே சொன்னார். பிழைவிட்ட இடத்தை வெட்டவா என்று கேட்டதற்கு, "அதை வெட்டினா மிச்சம் என்னத்துக்கு?" என்றார். இந்த முறை ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. மேசன் ஒருவரும் தையல்கார அக்கா ஒருவரும் விண்ணப்பம் எங்கே எடுக்கிறது என்று விசாரித்து வீட்டுக்கே வந்தார்கள்.

பம்பி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது, சான்றிதழ் வர முதலே. மாமா அதைப் பற்றிப் பேசுவதில்லை. சுவரில் மட்டும் பாக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு எண் சோக்கால் ஏறியிருக்கிறது, மெகாஓம்.

வருகிற ஞாயிறு தையல்கார அக்கா. அவருடைய அறை தகரக் கூரை. ஃபானைப் போட்டால் பதிவு முழுக்க இரைச்சல், நிறுத்தினால் அக்காவுக்கு வியர்த்து துணியில் சொட்டுகிறது. விடிய வெள்ளன ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.