நடுவில் உட்கார்ந்திருப்பவர்

சிங்கப்பூர் எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் இன்று பக்கவாட்டு இருக்கைதான் கிடைத்தது. அதனால் இசைக்குழுவில் வயோலா, அதாவது வயலினின் பெரிய உறவான தாழ்ந்த குரல் வாத்தியம், வாசித்த ஒரு பெரியவரின் இடது கை நன்றாகத் தெரிந்தது.

சுண்டுவிரல் எவ்வளவு தூரம் நீண்டு தந்தியைத் தொடுகிறது!

வயலினைவிடப் பெரிய உடல், தடித்த தந்திகள், வில்லும் கனம். மெட்டை வயலின்கள் கொண்டுபோகின்றன. இவர் நடுவில் இருந்து அதற்குச் சதை சேர்த்துக்கொண்டே இருக்கிறார். கைதட்டும்போது யாரும் இவரைத் தேடுவதில்லை.

எனக்கு லயனல் டெர்டிஸ் நினைவு வந்தது. 1876-இல் பிறந்த ஆங்கிலேயர். வயோலாவைத் தனிக்கச்சேரி வாத்தியமாக மதிக்க வைப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர். இசையமைப்பாளர் வில்லியம் வால்டன் அவரை மனதில் வைத்து, வயோலாவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் ஒரு கான்செர்ட்டோவை எழுதினார். ரொம்பப் புதுமையாக இருக்கிறதென்று டெர்டிஸ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1929-இல் லண்டனில் அதை முதலில் வாசித்தது ஜெர்மன் இசையமைப்பாளர் பால் ஹிண்டமித்.

அப்புறம் அதன் அருமை புரிந்து, டெர்டிஸ் தானே மேடையில் அதை வாசித்தார். ஒதுக்கிய ஒன்றை ஊரறிய ஏற்றுக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கைவலியால் 1937-இல் விடைபெற்றும் வயோலாவை விடவில்லை. பெரிய உடல் கொண்ட ஒரு வயோலாவைத் தானே வடிவமைத்தார். 98 வயது வரை வாழ்ந்தார்.

நம்மவர்களில் பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் வாசித்தவர். சிங்கப்பூரில் கர்நாடக வயலின் கற்கும் பிள்ளைகள் நிறைய. அந்தக் கீழ்த்தந்தியில் ஒரு தோடியை யாராவது வாசிக்கக் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது வயோலா எடுத்திருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கேட்கிறேன்.